மாதம்தோறும் மாறும் உலகச் சரக்குக் கணக்கு

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இயங்கும் ஓர் அரசு ஆய்வு அலுவலகம், ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதியை ஒட்டி ஒரு சிறிய அறிக்கையை வெளியிடுகிறது. நாடுகளுக்கு இடையே கைமாறிய சரக்கின் அளவு முந்தைய மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது அல்லது குறைந்தது என்பதையும், உலகின் ஆலைகள், சுரங்கங்கள், மின்நிலையங்கள் ஆகியவற்றின் உற்பத்தி எத்தனை சதவீதம் மாறியது என்பதையும் அது தெரிவிக்கிறது. சி.பி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அலுவலகம் 1945இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் யான் டின்பெர்கன்; பொருளியலுக்கான நோபல் பரிசு 1969இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதை ராக்னர் ஃபிரிஷுடன் பகிர்ந்துகொண்டவர். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவுகளைத் திரட்டிச் செய்யப்படுவதால் உலகச் சரக்கு வர்த்தகம் ஏறத்தாழ முழுவதும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஏப்ரல் மாதத்தின் கணக்கு ஜூன் இறுதியில்தான் கிடைக்கும். அந்த இரண்டு மாதத் தாமதம் இவ்வளவு நாடுகளின் கணக்கைச் சேர்ப்பதற்கான விலை.

செய்தித்தாள்கள் இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டால், அநேகமாக ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: உலக வர்த்தகம் சரிந்தது, அல்லது மீண்டது. ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையில் தூத்துக்குடியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரி எனக்கு மிகுந்த சங்கடத்தைத் தருகிறது. ஏனெனில் ஒரு மாதத்தின் எண் எதிலிருந்து உருவாகிறது என்பதை நான் அதன் அடிமட்டத்தில் நின்று பார்க்கிறேன். ஒரு மாத மாற்றத்தைத் தனியே பிடுங்கி எடுத்து அதிலிருந்து உலகத்தின் போக்கை முடிவுசெய்வது பெரும்பாலும் தவறாகவே முடியும் என்பதும், அதே எண்ணை ஒரு நீண்ட தொடரின் கடைசிப் புள்ளியாக, திருத்தத்துக்கு உட்பட்ட புள்ளியாக வைத்துப் படித்தால் அது வேறெங்கும் கிடைக்காத செய்தியைத் தரும் என்பதும் என் உறுதியான கருத்து.

உலக வர்த்தகத்தை மாதக் கணக்கில் பார்க்கும் பழக்கம் ஒரு பேரழிவின்போதுதான் வேரூன்றியது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெனீவாவில் அமைந்த சர்வதேச சங்கம், நாடுகளின் மாதாந்திர இறக்குமதிப் புள்ளிவிவரங்களைத் திரட்டிவந்தது. 1933இல் வியன்னாவில் இருந்த ஆஸ்திரியப் பொருளாதார ஆய்வு நிறுவனம் அந்த எண்களை ஒரு சிலந்தி வலை போன்ற படமாக வரைந்தது. பிற்காலத்தில் பொருளாதார வரலாற்றாளர் சார்லஸ் கிண்டில்பெர்கர் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு ஆரங்கள். மையத்திலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு வர்த்தகம். 1929 ஜனவரியில் 75 நாடுகளின் மொத்த இறக்குமதி, தங்கத்தோடு மதிப்பு பிணைக்கப்பட்டிருந்த அன்றைய டாலர் கணக்கில், ஏறத்தாழ 300 கோடி. அங்கே தொடங்கும் கோடு மாதம்தோறும் உள்நோக்கிச் சுருண்டு, 1930 ஜூனில் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இறக்குமதி வரிகளை உயர்த்திய பிறகும் நிற்காமல் சுருண்டு, 1933 ஜனவரியில் 99 கோடியில் வந்து நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. அதில் ஒரு பகுதி விலைவீழ்ச்சியால் வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; ஏனென்றால் பண மதிப்பில் காணும் வீழ்ச்சியும் சரக்கின் அளவில் காணும் வீழ்ச்சியும் ஒன்றல்ல. டின்பெர்கன் 1930களின் பிற்பகுதியில் அதே சர்வதேச சங்கத்துக்காக வர்த்தகச் சுழற்சிகளை ஆராய்ந்தவர் என்பதை நினைத்தால், ஜெனீவாவின் மாதக் கணக்குக்கும் இன்றைய ஹேக் அறிக்கைக்கும் இடையிலான தொடர்பு புரியும்.

பண மதிப்புக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு இன்றும் பலரைத் தடுமாற வைக்கிறது. உலக வர்த்தக அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகச் சரக்கு வர்த்தகத்தின் டாலர் மதிப்பு 12 சதவீதம் உயர்ந்தது, அளவோ 2.7 சதவீதம்தான் உயர்ந்தது. இடைவெளிக்கு முக்கியக் காரணம், உக்ரைன் போருக்குப் பின் எரிபொருளும் தானியமும் விலை ஏறியது. கப்பலில் ஏறிய கச்சா எண்ணெய்ப் பீப்பாய்களின் எண்ணிக்கை மாறாமலேயே விலைப்பட்டியலின் மொத்தத் தொகை பெருகியிருந்தது. இந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான் சி.பி.பி., ஒவ்வொரு நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதி மதிப்புகளையும் அவற்றுக்கான விலைக் குறியீட்டால் வகுத்து, அளவை மட்டும் பிரித்தெடுத்து, ஓர் அடிப்படை ஆண்டை 100 என வைத்துக் குறியீட்டு எண்ணாகத் தருகிறது. மென்பொருள், சுற்றுலா, கப்பல் கட்டணம் போன்ற சேவைகள் இதில் இல்லை. கட்டுமானமும் உற்பத்திக் குறியீட்டில் சேராது.

இந்த எண்ணின் மிகச் சிறிய துகள் எங்கள் மேசையில் உருவாகிறது. திருப்பூரிலிருந்து வரும் பின்னலாடைக் கன்டெய்னர் ஒன்றுக்கு ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்கான ஏற்றுமதி அறிவிப்பு, போடும்போது, பொருளின் எட்டு இலக்கக் குறியீடு, எண்ணிக்கை, எடை, எஃப்.ஓ.பி. மதிப்பு (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேராத, கப்பலில் ஏற்றும்வரையான மதிப்பு), சென்றுசேரும் நாடு ஆகியவற்றை நிரப்புகிறோம். சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி அளித்ததும் அந்த விவரங்கள் கணினி வழியே கொல்கத்தாவில் உள்ள வணிகத் தகவல் மற்றும் புள்ளிவிவரத் தலைமை இயக்குநரகத்துக்குச் செல்கின்றன. மார்ச் 31 மாலை அனுமதி கிடைத்தால் அது மார்ச் ஏற்றுமதி. ஒரு சான்றிதழ் வரத் தாமதமாகி மறுநாள் கிடைத்தால் ஏப்ரல் ஏற்றுமதி. நிதியாண்டு முடிவதற்குள் கணக்கில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் அவசரப்படுவதால், ஆண்டுதோறும் மார்ச்சில் இந்திய ஏற்றுமதி உயர்ந்து ஏப்ரலில் இறங்குகிறது. உலகத் தேவையில் ஏதும் மாறாமலேயே இந்த ஏற்ற இறக்கம் நிகழ்கிறது.

அந்தக் கன்டெய்னர் பிறகு சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்ச் சேர்வதற்குள் மாதம் மாறிவிடும். எனவே இந்தியாவின் மார்ச் ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் நாட்டின் ஏப்ரல் அல்லது மே கணக்கில்தான் தோன்றும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாள்களுக்கும் மேல் நீண்டது. அந்த மாற்றம் நிகழ்ந்த மாதங்களில் ஐரோப்பாவின் இறக்குமதி குறைந்ததுபோலத் தெரிந்ததில் ஒரு பகுதி, சரக்கு இன்னும் கடலில் இருந்தது என்பதே. உலகம் முழுவதன் ஏற்றுமதியும் உலகம் முழுவதன் இறக்குமதியும் சமமாக இருக்க வேண்டும் என்பது தர்க்கம். ஒரு மாதத்துக்குள் அவை ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. சி.பி.பி. இரண்டின் சராசரியையும் உலக வர்த்தகம் என்று எடுத்துக்கொள்வது இதனால்தான்.

பண்டிகைகள் இதைவிடப் பெரிய சிக்கலைத் தருகின்றன. சீனப் புத்தாண்டு சந்திர நாள்காட்டிப்படி ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே எங்கேயும் விழலாம். அப்போது ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் ஊர்களுக்குச் சென்று, துறைமுகங்கள் மந்தமாகின்றன. விடுமுறை எந்த மாதத்தில் விழுகிறது என்பதே சென்ற ஆண்டோடு ஒப்பிடும் கணக்கைத் தலைகீழாக்கிவிடும் என்பதால், சீனப் புள்ளிவிவர அலுவலகம் ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களின் தொழில்துறை உற்பத்தியைச் சேர்த்து ஒரே எண்ணாக வெளியிடுகிறது. ரமலான் மாதமோ ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவுக்கு முன்னகர்ந்துகொண்டே இருப்பதால், துருக்கி, இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளின் தரவுகளைச் சீராக்குவதற்குத் தனிக் கணக்கு தேவைப்படுகிறது.

இந்தியாவில் தீபாவளி இதே வேலையைச் செய்கிறது, அதை எண்களில் தெளிவாகவே காணலாம். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. அந்த அக்டோபரில் இந்தியத் தொழில்துறை உற்பத்திக் குறியீடு, முந்தைய ஆண்டின் அக்டோபரைவிடச் சுமார் 4 சதவீதம் குறைந்தது. அடுத்து வந்த நவம்பரில் 7 சதவீதம் உயர்ந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. அந்த ஆண்டு அக்டோபரில் உற்பத்தி 11.7 சதவீதம் உயர்ந்ததாக அறிவிக்கப்பட்டது; நவம்பரில் வளர்ச்சி 2.4 சதவீதமாகச் சுருங்கியது. அக்டோபர் 2022 அறிவிப்பு வந்தபோது பொருளாதாரம் சரிவதாகக் கட்டுரைகள் எழுதப்பட்டன. அக்டோபர் 2023 அறிவிப்பு வந்தபோது இரட்டை இலக்க வளர்ச்சி என்று பாராட்டுகள் குவிந்தன. இரண்டு சமயங்களிலும் ஆலைத் தொழிலாளர்கள் விடுப்பில் சென்ற வாரம் எந்த மாதத்தில் விழுந்தது என்பதே கதையின் பெரும்பகுதி. அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துப் படித்திருந்தால் இரண்டு விதமான கட்டுரைகளுக்கும் அவசியமே இருந்திருக்காது. இந்தியாவில் இந்தக் குறியீடு நீண்ட காலமாகப் பருவச் சீராக்கம், அதாவது ஆண்டுதோறும் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கங்களை நீக்கும் கணக்கு, செய்யப்படாமலேயே வெளியிடப்பட்டு வந்ததால், இந்த வேலையை வாசகரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. சி.பி.பி. தருவது பருவச் சீராக்கம் செய்த எண்கள். ஆனாலும் நகரும் பண்டிகைகளின் விளைவை எந்தச் சீராக்கமும் முழுமையாக நீக்கிவிடுவதில்லை என்பதால், ஜனவரி, பிப்ரவரி எண்களை நான் எப்போதும் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

மாத எண்களின் இந்தத் துள்ளலைக் கட்டுப்படுத்த சி.பி.பி. ஓர் எளிய அளவையைக் கூடவே தருகிறது. கடைசி மூன்று மாதங்களின் சராசரியை அதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, வர்த்தகத்தின் வேகத்தைச் சொல்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். குறியீட்டு எண் ஆறு மாதங்களில் 100, 101, 102, 103, 98, 105 என்று வருகிறது. ஐந்தாம் மாதத்தில் 4.9 சதவீத வீழ்ச்சி. ஆறாம் மாதத்தில் 7.1 சதவீத ஏற்றம். ஒரு மாதம் பீதி, மறுமாதம் கொண்டாட்டம். ஆனால் முதல் மூன்று மாதங்களின் சராசரி 101, அடுத்த மூன்று மாதங்களின் சராசரி 102. வேகம் ஏறத்தாழ 1 சதவீதம். வர்த்தகம் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த ஆறு மாதங்களின் உண்மை. அறிக்கையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இந்த வேக எண்ணைத்தான். மாத மாற்றத்தைப் பிறகுதான் பார்க்கிறேன்.

ஒப்பிடும் அடித்தளம் தாழ்ந்திருந்தால் வளர்ச்சி விகிதம் எவ்வளவு பொருளற்றதாகிவிடும் என்பதற்கு கொரோனா காலத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. நாடு தழுவிய முடக்கம் நடப்பில் இருந்த 2020 ஏப்ரலில் இந்தியத் தொழில்துறை உற்பத்திக் குறியீடு 54.0க்கு விழுந்தது, 2019 ஏப்ரலில் அது 126.5. ஓராண்டில் 57.3 சதவீத வீழ்ச்சி. 2021 ஏப்ரலில் குறியீடு 126.6 என்று அறிவிக்கப்பட்டது. கணக்கிட்டால் 134.4 சதவீத வளர்ச்சி வருகிறது. ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் இருந்த இடத்துக்கு நாடு திரும்பி வந்திருந்தது, அவ்வளவே. புள்ளிவிவர அமைச்சகமே இந்த ஒப்பீட்டை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும் என்று சொன்னது. உலக அளவில், 2020 ஏப்ரலில் சரக்கு வர்த்தகம் ஒரே மாதத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக சி.பி.பி. முதலில் அறிவித்தது; ஜூனில் 7.6 சதவீதம் உயர்ந்ததாகச் சொன்னது. 12 சதவீதம் இழந்த ஒன்று பழைய நிலையை அடைய 13.6 சதவீதம் வளர வேண்டும் என்ற எளிய கணக்கை அப்போது பலர் மறந்தார்கள். எனினும் அந்த ஆண்டு முடிவதற்குள் உலகச் சரக்கு வர்த்தகம் பெருந்தொற்றுக்கு முந்தைய அளவை எட்டிவிட்டது. வீட்டில் அடைபட்ட மக்கள் உணவகங்களுக்கும் பயணங்களுக்கும் செலவிட முடியாத பணத்தில் கணினிகளும் மேசைகளும் உடற்பயிற்சிக் கருவிகளும் வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பு, அந்த ஆண்டின் வீழ்ச்சி 13 முதல் 32 சதவீதம் வரை இருக்கலாம் என்று கணித்திருந்தது. ஆண்டு முடிவில் கணக்கிட்டபோது வீழ்ச்சி 5.3 சதவீதமாக இருந்தது.

2008-09 நெருக்கடி இதற்கு நேர்மாறான தன்மை உடையது. மாத எண்களின் உண்மையான மதிப்பை நான் உணர்ந்தது அதைப் படித்தபோதுதான். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் வீழ்ந்தது. அதன்பின் வந்த சில மாதங்களில் உலகச் சரக்கு வர்த்தகத்தின் அளவு, அந்த ஆண்டின் உச்சத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜப்பானின் ஏற்றுமதி மதிப்பு 2009 பிப்ரவரியில் ஓராண்டுக்கு முன் இருந்ததில் பாதியாகிவிட்டது. துல்லியமாகச் சொன்னால் 49.4 சதவீத வீழ்ச்சி. தொழில்துறை உற்பத்தியும் விழுந்தது, ஆனால் வர்த்தகம் அளவுக்கு விழவில்லை. பொருளாதார வரலாற்றாளர்கள் பேரி ஐக்கன்கிரீனும் கெவின் ஓ'ரூர்க்கும் 2009 ஏப்ரலில் இந்த மாத வரைகோடுகளை 1929க்குப் பிந்தைய வரைகோடுகளோடு அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்கள். தொடக்க மாதங்களில் புதிய வீழ்ச்சி பழையதைவிடச் செங்குத்தாக இருந்தது. காலாண்டுக் கணக்கோ ஆண்டுக் கணக்கோ அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க முடியாது.

வர்த்தகம் ஏன் உற்பத்தியைவிட ஆழமாக விழுகிறது என்ற கேள்விக்கான விடை, எல்லை தாண்டும் பொருள்களின் தன்மையில் இருக்கிறது. மக்களின் செலவில் பெரும்பங்கு வாடகை, மருத்துவம், கல்வி, முடிதிருத்தம் போன்ற சேவைகளுக்குப் போகிறது. அவை எல்லை தாண்டுவது குறைவு. எல்லை தாண்டுபவற்றில் கார், இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மின்னணுச் சாதனம் போன்ற, வாங்குவதைத் தள்ளிப்போடக்கூடிய பொருள்களின் பங்கு அதிகம். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், அரிசி வாங்குவதை நிறுத்துவதில்லை. காரை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்கிறார். அந்தக் காரின் உதிரிப் பாகங்கள் மூன்று நான்கு நாடுகளின் எல்லைகளைக் கடந்து வந்திருந்தால், ஒரு கார் விற்காமல் போவது பல ஏற்றுமதிப் பதிவுகள் இல்லாமல் போவதாகிறது. கடைக்காரரும் ஆலையும் புதிதாக வாங்காமல் கையிருப்பில் இருப்பதை முதலில் தீர்ப்பதால் வீழ்ச்சி இன்னும் பெரிதாகிறது. அந்த மாதங்களில் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல், வாங்குபவருக்காக வங்கி பணம் தருவதாக உறுதியளிக்கும் கடனுறுதிக் கடிதங்கள் கிடைப்பது அரிதானதும் சேர்ந்துகொண்டது. கையிருப்பு தீர்ந்ததும் கொள்முதல் திரும்பி வர வேண்டும். 2009இன் இரண்டாம் பாதியிலிருந்து அது வந்தது. ஆயினும் பழைய உச்சத்தை உலக வர்த்தகம் மீண்டும் தொட 2010இன் இறுதி வாக்கில்தான் முடிந்தது.

2025இன் மாத எண்கள் இந்த இரண்டு நெருக்கடிகளையும் போன்றவை அல்ல. இங்கே வர்த்தகத்தை ஆட்டியது தேவையோ நோயோ அல்ல. வரி விதிக்கப்படும் தேதி. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏப்ரல் 2 அன்று பெரும்பாலான நாடுகளின் பொருள்கள்மீது அறிவித்த வரிகள் வரப்போகின்றன என்பது முன்பே எதிர்பார்க்கப்பட்டதால், அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை கிடைத்ததை எல்லாம் வாங்கிக் கிடங்குகளில் நிரப்பினார்கள். அயர்லாந்திலிருந்து மருந்துப் பொருள்கள் அசாதாரண அளவில் வந்தன. தங்கத்துக்கும் வரி வரலாம் என்ற அச்சத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து நியூயார்க்குக்குத் தங்கக் கட்டிகள் விமானங்களில் பறந்தன. மார்ச்சில் அமெரிக்கச் சரக்கு இறக்குமதி வரலாற்று உச்சத்தைத் தொட்டு, ஏப்ரலில் ஒரே மாதத்தில் சுமார் 20 சதவீதம் விழுந்தது. மார்ச் எண்ணைப் பார்த்தவர் உலக வர்த்தகம் செழிக்கிறது என்றும், ஏப்ரல் எண்ணைப் பார்த்தவர் அது இடிந்துவிட்டது என்றும் நினைக்க இடம் இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் அட்லாண்டா பிரிவு தரும் பொருளாதார வளர்ச்சி மதிப்பீட்டு மாதிரி, பிப்ரவரி இறுதியில் ஒரே நாளில் 2.3 சதவீத வளர்ச்சியிலிருந்து 1.5 சதவீதச் சுருக்கத்துக்கு மாறியது. அந்தக் கணக்கில் இறக்குமதி கழிக்கப்படும்; அதில் தங்க இறக்குமதியின் பங்கு பெரியது என்று தெரியவந்ததும், தங்கத்தை நீக்கிய தனிக் கணக்கையும் அவர்கள் வெளியிடத் தொடங்கினார்கள். பெட்டகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் தங்கத்துக்கும் உற்பத்திக்கும் தொடர்பு இல்லை. ஆனால் இறக்குமதிப் பட்டியலில் அது இயந்திரத்துக்கு அடுத்த வரியாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மாதங்களில்தான் வர்த்தகத்தையும் தொழில்துறை உற்பத்தியையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதன் பயன் தெரிகிறது. வர்த்தகம் துள்ளி, உற்பத்தி அதற்கேற்ப உயராமல் இருந்தால், கூடுதலாக நகர்ந்த சரக்கின் ஒரு பகுதி ஏற்கனவே இருந்த கையிருப்பிலிருந்து வேறொரு நாட்டின் கையிருப்புக்கு மாறியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அது பின்னால் வரும் மாதங்களின் இறக்குமதியை முன்கூட்டியே உண்டுவிட்ட ஒன்று. இரண்டும் சேர்ந்து பல மாதங்கள் உயர்ந்தால் உண்மையான தேவை இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கான சரக்கு வர்த்தக அளவை ஏப்ரலில் 0.2 சதவீதம் குறையும் என்று கணித்து, அக்டோபரில் 2.4 சதவீதம் உயரும் என்று மாற்றியதற்கு முன்கூட்டிய கொள்முதல் ஒரு காரணம்; செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகள், சேவையகக் கணினிகள் போன்றவற்றின் வர்த்தகம் மற்றொரு காரணம். முதலாவது கடன் வாங்கிய வளர்ச்சி, இரண்டாவது அப்படியல்ல என்பது என் வாசிப்பு.

நம் பக்கத்து நிலவரத்தையும் இதே முறையில் படிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் ஆடைக்கும் தூத்துக்குடி வழியே செல்லும் இறாலுக்கும் அது நேரடி அடி. அமெரிக்காவுக்கான இந்திய ஏற்றுமதி மே மாதத்தில் ஏறத்தாழ 880 கோடி டாலர். செப்டம்பரில் சுமார் 550 கோடி. நவம்பரில் அது ஏறத்தாழ 700 கோடியாகி, முந்தைய ஆண்டின் நவம்பரைவிட 22 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டபோது, வரியால் பாதிப்பே இல்லை என்று சிலர் எழுதினார்கள். மே மாத அளவைவிட அது இன்னும் வெகுவாகக் கீழே இருந்தது என்பதையும், வரிவிலக்குப் பெற்ற ஸ்மார்ட்போன்களும் வரி சுமந்த பனியன்களும் ஒரே கூட்டுத்தொகைக்குள் இருந்தன என்பதையும் அந்த எழுத்துகள் கவனிக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஆடை ஏற்றுமதியாளர்களின் முகங்களில் அந்த 22 சதவீதம் தெரியவில்லை.

எண்கள் பின்னர் திருத்தப்படும் என்பது இந்தத் துறையில் இயல்பான ஒன்று, சி.பி.பி. ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதங்களின் எண்களைப் புதிய தரவுகளின்படி மாற்றுகிறது. ஆனால் திருத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு 2024 நவம்பரின் இந்தியத் தங்க இறக்குமதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது 1,480 கோடி டாலருக்கும் மேல் என்று முதலில் அறிவிக்கப்பட்டு, வர்த்தகப் பற்றாக்குறை இதுவரை காணாத உச்சம் என்று செய்தியாகி, ரூபாயின் மதிப்பைப் பற்றிய கவலையைக் கூட்டியது. சில வாரங்கள் கழித்து அந்த எண் 984 கோடி டாலராகத் திருத்தப்பட்டது. தரவுகள் ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது சில இறக்குமதிகள் இருமுறை கணக்கில் ஏறியிருந்தன. சுமார் 500 கோடி டாலர் தங்கம் நாட்டுக்குள் வரவே இல்லை. திருத்தம் வந்த செய்தி, முதல் அறிவிப்பு பெற்ற இடத்தில் கால் பங்குகூடப் பெறவில்லை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

எண்களே வராமல் போகும் நிலைமை அதைவிட மோசமானது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி ஒதுக்கீடு இன்றி முடங்கியபோது அந்நாட்டின் வர்த்தகக் கணக்கும் தொழில்துறை உற்பத்திக் கணக்கும் வாரக்கணக்கில் தாமதமாயின. 1919 முதல் தொடர்ச்சியாக இருக்கும் அமெரிக்க உற்பத்திக் குறியீடு போன்ற ஒன்று தாமதமானால், அதைச் சேர்த்து உலகக் கூட்டுத்தொகை போடுபவர்களின் வேலையும் அத்தனை கடினமாகிறது.

இரண்டு மாதம் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. தென்கொரியா ஒவ்வொரு மாதத்தின் முதல் இருபது நாள்களின் ஏற்றுமதியை 21ஆம் தேதியே வெளியிட்டுவிடுகிறது. முழு மாதக் கணக்கு அடுத்த மாதம் முதல் தேதி வந்துவிடும். சிப்பு, எஃகு போன்ற, மற்ற நாடுகளின் ஆலைகளுக்குத் தேவையான இடைநிலைப் பொருள்களை அதிகம் விற்கும் நாடு என்பதால் அதன் கணக்கு மற்றவர்களின் உற்பத்திக்கு முன்னறிவிப்பாகிறது. வேலைநாள்களின் எண்ணிக்கை மாறுவதால் ஏற்படும் மயக்கத்தைத் தவிர்க்க, நாளொன்றுக்கான சராசரி ஏற்றுமதியையும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். இந்த நேர்த்தியை நம் அமைச்சகமும் பின்பற்ற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஜெர்மனியின் எஸ்ஸன், பிரேமன் நகர ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, உலகின் முக்கியத் துறைமுகங்கள் கையாளும் கன்டெய்னர்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு குறியீட்டைத் தருகின்றன. கொள்முதல் மேலாளர்களிடம் கேட்டுத் தயாரிக்கும் பி.எம்.ஐ. குறியீடும் உண்டு; 50க்கு மேலே இருந்தால் விரிவு, கீழே இருந்தால் சுருக்கம். ஆனால் அது எத்தனை பேர் கூடியது என்றும் குறைந்தது என்றும் சொன்னார்கள் என்பதன் கணக்கே தவிர, எவ்வளவு கூடியது என்பதன் கணக்கு அல்ல.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஹேக் அறிக்கையின் அட்டவணைக்காகக் காத்திருக்கிறேன். அதில் இந்தியாவுக்கென்று தனி வரி கிடையாது. சீனா நீங்கலான வளரும் ஆசியா என்ற வரிக்குள் வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளோடு இந்தியாவும் அடங்கியிருக்கிறது. அந்த வரியின் ஏற்றுமதியை அமெரிக்கா என்ற வரியின் இறக்குமதியோடு வைத்து, மூன்று மாதச் சராசரியில், சென்ற மாதம் சொன்ன எண் இந்த மாதம் எவ்வளவு திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கிடங்குகளில் 2025இன் தொடக்கத்தில் குவிந்த சரக்கு எப்போது தீர்ந்தது, புதிய கொள்முதல் ஆணைகள் பழைய நாடுகளுக்கே திரும்பினவா அல்லது வேறு நாடுகளுக்கு இடம் மாறிவிட்டனவா என்ற கேள்விக்கான விடை அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் மாதம் மாதமாகத்தான் துலங்கும்.